நாலு புள்ளி, ஒன்பது ரூட்டர், மூன்று சேனல்

நாலு குடும்பத்துக்குப் பங்கு உள்ள ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில், வைஃபை ரூட்டர்கள் ஒன்றையொன்று இடிக்காமல் சேனலை (பேசும் அலைவரிசையை) தாங்களே பிரித்துக்கொள்ள வைத்தேன். இரண்டு ரூட்டர் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொண்டது கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு. பட்டாலையில் இருக்கும் ரூட்டர் 6ஆம் சேனலை விட்டு 11க்குப் போனது. இரண்டாங்கட்டு மாடியில் இருப்பது 11ஐ விட்டு 6க்கு வந்தது. அதற்கப்புறம் பதினோரு நாள் பதிவுக் கோப்பில் ஒரு வரிகூடச் சேரவில்லை. நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தும் ஒன்பது ரூட்டரும் நின்ற சேனலிலேயே நின்றன. ஐந்து வாரம் சனி, ஞாயிறெல்லாம் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் பக்கம் போய் வந்ததற்கு இதுதான் பலன். மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வீடு தெருவுக்குத் தெரு போகிறது. முகப்பு, பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற முதல் முற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அப்புறம் தோட்டத்து வாசல். நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, அதில் பங்கு. கல்யாணமான மகனை அதே வீட்டில் தனி அடுப்பாக வேறு வைக்கிற வழக்கம் செட்டிநாட்டில் பழையது. இணையமும் இந்த வீட்டில் அப்படித்தான் வந்திருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் நாலு குடும்பமும் மாதக்கணக்கில் இங்கே தங்கி வேலை பார்த்தபோது ஆளுக்கொரு இணைப்பு வாங்கினார்கள். சிக்னல் எட்டாத அறைகளுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு ரூட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். மொத்தம் ஒன்பது. பாஸ்வேர்டும் பில்லும் தனித்தனி.

என்னைக் கூப்பிட்டவர் இரண்டாம் புள்ளி அண்ணன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். "100 எம்பி லைன் தம்பி, ஒரு வீடியோ காலு முழுசாப் பேச முடியலை. அடுத்த மாசம் சித்தப்பாவுக்கு மணிவிழா. மலேசியாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கிறவங்க நேரலையில பார்ப்பாங்க. எதாவது பண்ணுங்க" என்றார். லைனில் குறையில்லை. ரூட்டரில் நேராகக் கேபிள் செருகிப் பார்த்தால் 94 எம்பி வந்தது. காற்றில்தான் கோளாறு.

முதல் நாள் ஒன்பது ரூட்டரும் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று மட்டும் பார்த்தேன். ஏழு ரூட்டர் 1ஆம் சேனலில் இருந்தன. எல்லாவற்றிலும் சேனல் ‘ஆட்டோ’ என்றுதான் வைத்திருந்தது. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தபோது காரணம் தெரிந்தது: ஒன்பதும் ஒரே நிமிடத்தில் கிளம்பியிருந்தன. கரண்ட் போய் வரும்போது எல்லாம் சேர்ந்து உயிர் பெறுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக் கேட்கின்றன. அந்த நொடியில் யாரும் இன்னும் பேச ஆரம்பித்திருக்கவில்லை. காற்று காலி என்று நினைத்துப் பெரும்பாலானவை 1ல் உட்கார்ந்துவிடுகின்றன. அதற்கப்புறம் எழுந்திருப்பதே இல்லை.

வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைப்பகுதி. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு ரூட்டர் பேசுவதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று இடிக்காதவை என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 என்று மூன்றைத்தான். 5 கிகாவில் நிறைய இடம் இருக்கிறதே என்று கேட்கலாம். வளவிலும் இரண்டாங்கட்டு முற்றத்திலும் அதைத்தான் வைத்தேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் அறைகளின் சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம். சிக்னல் பலத்தை டிபிஎம் என்று அளக்கிறார்கள், மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. வளவில் மைனஸ் 50 டிபிஎம் காட்டிய 5 கிகா சிக்னல், ஒரு சுவர் தாண்டிய அறைக்குள் மைனஸ் 81. அதே இடத்தில் 2.4 மைனஸ் 68க்கு நின்றது. பெரியவர்கள் கையில் இருக்கும் பழைய போன்கள் பலவற்றுக்கு 5 கிகா தெரியவே தெரியாது. ஆகவே ஒன்பது ரூட்டரையும் மூன்று சேனலுக்குள் அடக்கியாக வேண்டும்.

கையாலேயே பிரித்துப் போட்டுப் பார்த்தேன். வீட்டின் வரைபடத்தை வெள்ளைத்தாளில் போட்டு, பக்கத்துப் பக்கத்து ரூட்டருக்கு ஒரே சேனல் வராதபடி 1, 6, 11 என்று மாற்றி மாற்றி எழுதினேன். சேனல் நெரிசல் கொஞ்சம்தான் குறைந்தது. முகப்பில் நின்று ஸ்கேன் பண்ணியபோதுதான் என் வரைபடமே தப்பு என்று விளங்கியது. இந்த வீடுகளில் முன்வாசல் நிலையிலிருந்து பின்வாசல் நிலை வரை எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கதவுகள் திறந்திருந்தால் முகப்பில் நின்று தோட்டத்து வெளிச்சத்தைப் பார்க்கலாம். கண்ணுக்கு எட்டுவது ரேடியோவுக்கும் எட்டுகிறது. முகப்பு ரூட்டருக்கு மூன்றாங்கட்டு ரூட்டர் மைனஸ் 63ல் கேட்டது. ஒட்டினாற்போல ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அறை ரூட்டரோ மைனஸ் 77. யார் யாருக்குப் பக்கத்துவீடு என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரூட்டரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மேலாண்மைப் பெட்டியில் கட்டிவிட்டால் சுலபம். நாலு புள்ளியிடமும் கேட்டேன். யாரும் மறுப்பாகப் பேசவில்லை. ஆனால் தன் ரூட்டரின் சாவியை இன்னொரு பங்காளி கையில் கொடுக்க யாருக்கும் மனசில்லை, அது நியாயம்தான். தவிர, அந்தப் பெட்டி இருக்கும் பகுதியைப் பூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? ஆகவே தலைமை இல்லாமல் ரூட்டர்களே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். வயர்லெஸ் ஆராய்ச்சியில் இதற்குப் பரவல் பொருத்தம், அதாவது தலைமை இல்லாமல் நடக்கும் பொருத்தம், என்று ஒரு தனித் துறையே இருக்கிறது. ஒருபக்கம் ரூட்டர்கள், மறுபக்கம் சேனல்கள். யாருக்கு எது என்று பொருத்திவிடுவது.

இணைப்போடு வந்த ரூட்டர்களில் வேறு மென்பொருள் ஏற்ற வழியில்லை. அவற்றை மோடமாக மட்டும் வைத்துக்கொண்டு, காரைக்குடியில் பழைய ரூட்டர் ஒன்பது வாங்கினேன், ஒரே மாடல். மீடியாடெக் 7621 சில்லு, 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம். விலை 850லிருந்து 1,100 வரை. மொத்தம் 8,700 ரூபாய். ஓப்பன் டபிள்யுஆர்டி என்ற, நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய ரூட்டர் மென்பொருளை ஏற்றினேன். ஆறாவது ரூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் அது செத்துவிட்டது. 240 ரூபாய்க்கு யுஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கி, மூடியைத் திறந்து, போர்டில் நாலு புள்ளிகளில் கம்பி வைத்து மறுபடி ஏற்றினேன். அதில் அரை நாள் போனது. அந்த வேலையை யுபிஎஸ் இருக்கும் இடத்தில் வைத்துச் செய்திருக்க வேண்டும்.

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. நிலைக்கு மேலே இருக்கும் மரத்தட்டில் ரூட்டரை வைத்து, பருத்திக் கயிற்றால் கட்டினேன். கேபிளைக் கதவோரமாகவும் ஜன்னல் கம்பி வழியாகவும் கொண்டுபோனேன். 90 மீட்டர் பிடித்தது.

ரூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஒரு வழி வேண்டும். நாலும் வேறுவேறு இணைப்பு, நடுவில் கேபிள் கிடையாது. பீக்கனைப் பயன்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு ரூட்டரும் 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பீக்கன் அனுப்புகிறது. அதில் தயாரிப்பாளர் விரும்பியதை எழுதிக்கொள்ள 221 என்ற எண்ணில் ஒரு பகுதி உண்டு. ரூட்டரில் வைஃபையை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரலில் அந்தப் பகுதியை ஓடும்போதே மாற்றிவிடலாம். அதில் 14 பைட் எடுத்துக்கொண்டேன்: என் எண், என் சேனல், யாரிடம் என்ன கேட்கிறேன், கேட்டவருக்கு என் பதில். மற்றவர் ஸ்கேன் பண்ணும்போது படித்துக்கொள்வார். பாஸ்வேர்டு எதுவும் பகிர வேண்டியதில்லை. பங்காளிகளுக்கு இதை விளக்கியபோது நாலு பேரும் உடனே சம்மதித்தார்கள்.

ஸ்கேனில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஆக்சஸ் பாயின்டாக, அதாவது போன்களுக்கு வைஃபை கொடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவை ஸ்கேன் பண்ணச் சொன்னால் மறுத்துவிடுகிறது. கட்டளையின் கடைசியில் ‘ஏபி ஃபோர்ஸ்’ என்று சேர்த்த பிறகுதான் கேட்டது. ஒரு சேனலில் குறைந்தது 110 மில்லிநொடி நின்றால்தான் ஒரு பீக்கனாவது கையில் கிடைக்கும். அந்த நேரம் தன் சேனலில் இருக்கும் போன்களை ரூட்டர் விட்டுவிடுகிறது. 13 சேனலையும் சுற்றினால் ஒன்றரை நொடி, பேசிக்கொண்டிருப்பவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் 1, 6, 11 மட்டும், ஒரு சுற்றுக்கு ஒரு சேனல், இரண்டு நிமிட இடைவெளி என்று வைத்தேன்.

இப்போது பொருத்தம். 1962ல் கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய முறையைத்தான் முதலில் எடுத்தேன். கல்லூரியில் இடம் ஒதுக்குவதையும் கல்யாணப் பொருத்தத்தையும் வைத்து அவர்கள் விளக்கியது. ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் வந்த வேலைக்குத்தான். வேலை செய்யும் விதம் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் இடத்தில் பெண் கேட்கிறார்கள். பெண் வீட்டார் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. வந்ததில் நல்ல வரனை நிறுத்தி வைக்கிறார்கள். அதைவிட நல்லது வந்தால் முந்தையதை விடுகிறார்கள். விடப்பட்டவர் அடுத்த இடத்துக்குப் போகிறார். விடப்பட்டு இன்னும் கேட்க வேண்டியவர் யாரும் இல்லை என்று வரும்போது நிறுத்தி வைத்ததெல்லாம் உறுதியாகிறது. இதில் ‘என்னவர் வேண்டாம், நாம் இருவரும் சேர்ந்துகொள்வோம்’ என்று இரண்டு தரப்பும் ஒருசேர நினைக்கும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சாது. அதைத்தான் நிலைத்த பொருத்தம் என்கிறார்கள்.

என் ஏற்பாட்டில் ரூட்டர் மாப்பிள்ளை, சேனல் பெண் வீடு. ஒரு சேனலுக்கு மூன்று பேர் வரை இடம். சேனலுக்கு வாய் கிடையாது என்பதால் அந்தச் சேனலில் ஏற்கெனவே இருப்பவர்களில் சிறிய எண் கொண்ட ரூட்டர் அதற்காகப் பேசும். சனிக்கிழமை மதியம் ஓட்டினேன், இருபது நிமிடத்தில் முடிந்தது, மூன்று மூன்றாக அழகாக உட்கார்ந்தன. சாயங்காலம் அளந்தேன். முகப்பில் நிலைமை முன்னைவிட மோசம்.

எவ்வளவு மோசம் என்று தெரிய ஒரு மதிப்பெண் வைத்தேன். இரண்டு ரூட்டர் ஒன்றையொன்று மைனஸ் 60க்கு மேல் கேட்டால் 3. 60க்கும் 72க்கும் நடுவில் 2. 82 வரை 1. அதற்கும் கீழே 0. ஒரே சேனலில் இருக்கும் ஜோடிகளின் மதிப்பெண்ணைக் கூட்டினால் வீட்டின் மொத்த இடைஞ்சல். எல்லாம் ஒரே சேனலில் இருந்தால் 41. ஒன்பது ரூட்டரை மூன்று சேனலில் வைக்க 19,683 வழி. மடிக்கணினியில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை. மிகக் குறைந்தது 6. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் போட்டால் சராசரி 41ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 14. கேல், ஷாப்லி முறையில் எனக்கு வந்தது 15.

அந்த முறையில் தப்பில்லை. அது கேட்கும் நிபந்தனையை நான் மீறியிருந்தேன். ஒவ்வொருவருக்கும் விருப்பப் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும், நடுவில் மாறக் கூடாது. பெண் வீட்டுக்கு அடுத்து யார் மருமகனாக வருகிறார் என்பதைப் பொறுத்து முதல் மருமகனின் விருப்பம் மாறாது என்பதுதான் அதன் அடிப்படை. ரேடியோவில் அப்படியில்லை. எனக்கு 6 பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே யாரும் இல்லை. மூன்றாங்கட்டு ரூட்டர் அங்கே வந்த நிமிடமே எனக்குப் பிடிக்காமல் போகிறது. சேனல் எது என்பதைவிட அங்கே கூட யார் இருக்கிறார் என்பதுதான் என் விருப்பம். இப்படிப்பட்ட இடத்தில் நிலைத்த பொருத்தம் ஒன்று இருக்கும் என்பதற்கே உறுதி கிடையாது. நான் பட்டியல் எடுத்த நேரத்தில் பாதி ரூட்டர் 1ல் இருந்தன. பழைய உலகத்துக்கான பட்டியலை வைத்துக்கொண்டு புது உலகத்தைப் பிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நேர் எதிராகப் போனேன். பட்டியலே வேண்டாம், ஒவ்வொரு ரூட்டரும் சுற்றிலும் கேட்டு, இப்போது எது நல்லதோ அதற்குப் போகட்டும். இது இன்னும் கெட்டது. 1ல் இருந்த இரண்டு ரூட்டர் ஒரே நேரத்தில் 11 காலி என்று கண்டு அங்கே போயின. போன பிறகு 11ல் நெரிசல், 1 காலி. இரண்டும் திரும்பி 1க்கு வந்தன. ஒரு மணி நேரத்தில் 40 மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் வைஃபையை மறுபடி தொடங்க வைத்ததால் எல்லாப் போனும் அறுந்து அறுந்து சேர்ந்தன. அண்ணன் மீட்டிங்கில் இருந்தார். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

அறுந்து போவதற்கு நல்ல வழி இருந்தது. சேனல் மாறப்போகிறேன் என்று பீக்கனிலேயே முன்னறிவிப்புத் தரலாம். ‘இன்னும் ஐந்து பீக்கனில் 11க்குப் போகிறேன், கூட வாருங்கள்’ என்று. போன்கள் இணைப்பு விடாமல் கூடவே மாறுகின்றன. பழைய போன் இரண்டு மட்டும் கேட்கவில்லை, அவை நாலைந்து நொடியில் தானாகச் சேர்ந்துகொண்டன. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தாவிக்கொண்டே இருப்பதற்கு வைத்தியம் இடமாற்றுப் பொருத்தம். யாரும் தனியாக நினைத்த மாத்திரத்தில் நகரக் கூடாது. 6ல் இருக்கும் நான் 11ல் இருக்கும் உன்னிடம் ‘இடம் மாற்றிக்கொள்வோமா’ என்று கேட்கிறேன். நீ உன் கணக்கைப் பார்க்கிறாய். இருவரில் ஒருவருக்காவது நல்லது, மற்றவருக்குக் கெடுதல் இல்லை என்றால்தான் சம்மதம். அரசு ஊழியர்கள் மனமொத்த மாறுதல் கேட்பதுபோல. சேனலில் மூன்று பேருக்குக் கீழே இருந்தால் காலி இடத்தையும் ஓர் ஆளாக நினைத்து அதோடு மாற்றிக்கொள்ளலாம். கேட்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் 1லிருந்து 10 நிமிடம் வரை குருட்டாம்போக்கில் ஓர் இடைவெளி விட வேண்டும். ஒருவரோடு பேச்சில் இருக்கும்போது இன்னொருவருக்குப் பதில் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது நின்றே தீரும் என்பது. நான் உன்னை எவ்வளவு கேட்கிறேனோ அவ்வளவே நீயும் என்னைக் கேட்டால், எனக்குக் குறைந்த இடைஞ்சல் வீட்டின் மொத்தத்திலும் அப்படியே குறைகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் மொத்தம் இறங்குகிறது, ஏறுவதே இல்லை. இறங்குவதற்கு ஓர் அடிமட்டம் உண்டு.

ஆனால் என்னுடையது நிற்கவில்லை. மூன்று ரூட்டர் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரவெல்லாம் சுற்றின. ஞாயிறு காலை பதிவைப் படித்துப் பார்த்தபோது தெரிந்தது: மேலே சொன்ன ‘அவ்வளவே நீயும்’ என்பது இங்கே இல்லை. முன்பு ஒரு தடவை சோதனைக்காக இரண்டு ரூட்டரின் சக்தியை 20 டிபிஎம் என்று ஏற்றிவிட்டு இறக்க மறந்திருக்கிறேன், மற்றவை 17. சக்தி கூடியது பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது, அதற்கு மற்றவர் பேசுவது அவ்வளவு கேட்கவில்லை. தனக்கு இடைஞ்சல் இல்லை என்று அது சம்மதிக்கிறது; இன்னொருவர் அவதிப்படுகிறார். ஒன்பதையும் 17க்கு இறக்கினேன். அதோடு, தான் கேட்டதையும் எதிராளி கேட்டதாகப் பீக்கனில் சொல்வதையும் ஒப்பிட்டு எது பலமோ அதை இருவரும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். 14 பைட் 22 ஆனது. சுற்றல் அன்றோடு போயிற்று.

இன்னொன்று, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவையும் காலையில் ஐந்தரைக்கு ஒரு தடவையும் தவறாமல் நாலைந்து மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டிவி, மைக்ரோவேவ் என்று என்னென்னவோ சந்தேகப்பட்டேன். முதல் புள்ளி ஆச்சி வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவர். அவரிடம் போன் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "விளக்கேத்திட்டு நடுக்கதவச் சாத்துனா நல்லாக் கேக்குதப்பா. பகல்லதான் இழுத்து இழுத்துப் பேசுது" என்றார். கதவு! ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமுள்ள தேக்கு, மேலே இரும்புப் பட்டையும் குமிழும். கதவைத் திறந்து மூடி அளந்தேன். முகப்புக்கும் மூன்றாங்கட்டுக்கும் நடுவே மூன்று கதவு சேர்ந்து 14 டெசிபல் குறைத்தன. மைனஸ் 63 மைனஸ் 77 ஆகிறது, மதிப்பெண் 2லிருந்து 1க்கு இறங்குகிறது. வீடே காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதனால் அந்தந்த நேரத்து அளவை விட்டுவிட்டு, கடைசி 24 மணி நேரத்தில் கேட்டதில் பலமானதையே ஒவ்வொரு ஜோடிக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கதவு திறந்திருக்கும் வீட்டுக்கு ஏற்றபடி பிரித்துவிட்டால், மூடியிருக்கும்போதும் கெடுதல் இல்லை.

மிச்சம் இருந்தது கைகுலுக்கல். இருவரும் சம்மதித்து ஒருவர் மாறிவிட்டார். மற்றவர் அந்தப் பீக்கனைத் தவறவிட்டார். இருவரும் ஒரே சேனலில். மாறிய பின் இரண்டு சுற்றுக்குள் எதிராளி தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டதைக் காணவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும் என்று சேர்த்தேன். கரண்ட் விஷயத்துக்கும் வழி செய்தேன்: சேனல் மாறும்போது மட்டும் அதைக் கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவைத்து, எழுந்ததும் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

மொத்த ஸ்கிரிப்ட் 310 வரி. முடிவு எங்கிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து 7 அல்லது 8ல் நிற்கிறது. 6க்கு ஒரு தடவையும் வரவில்லை. அதற்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் இடம் மாற வேண்டும், இருவர் பேசித் தீர்ப்பதில் அது நடக்காது. இப்போதைக்கு 7ல் நிற்கிறது, எனக்கு இது போதும். முகப்பில் சேனல் நிரம்பியிருக்கும் நேரம் சாயங்காலம் நூற்றுக்கு 78லிருந்து 41க்கு வந்தது. இந்த அளவை சர்வே டம்ப் என்ற கட்டளை தருகிறது. இதை முதல் நாளிலிருந்தே பார்த்திருக்க வேண்டும். போனில் தெரியும் சிக்னல் கோடுகள் நெரிசலைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

மணிவிழா அன்று காலை 6லிருந்து மதியம் 1 வரை எந்த மாற்றமும் வேண்டாம் என்று பூட்டி வைத்தேன். நேரலைக் கேமராவுக்குத் தனிக் கேபிள். முந்நூறு பேருக்கு மேல் வளவிலும் பத்தியிலும். ஏழரை மணிக்கு 1, 6 இரண்டிலும் நெரிசல் திடீரென்று ஏறியது. தேடிப் பார்த்தால் படம் எடுக்க வந்தவர்களின் ஹாட்ஸ்பாட் 3ஆம் சேனலில். 3 என்பது 1ஐயும் இடிக்கும், 6ஐயும் இடிக்கும். கேட்டதும் அவர்கள் 5 கிகாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். என் ஸ்கிரிப்ட் 1, 6, 11ல் மட்டும் காது வைப்பதால் இப்படி நடுவில் வருபவரை அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது. நெரிசல் ஏறுவது மட்டும் தெரியும். இன்னொரு மாற்றமும் பதிவில் இருந்தது. இரண்டு நாள் முன்பே மூன்றாங்கட்டுப் பாத்திர அறையைக் காலி செய்து அண்டா, குண்டான், எவர்சில்வர் அடுக்குகளையெல்லாம் சமையல் பந்தலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த அறைக்கு இருபக்கமும் இருந்த ரூட்டர்கள் ஒன்றையொன்று மைனஸ் 84ல் கேட்டுக்கொண்டிருந்தவை மைனஸ் 79க்கு வந்துவிட்டன. இரண்டும் 1ஆம் சேனல். ஒன்று இடம் மாற்றக் கேட்டது. யாருக்கும் ஒத்துவரவில்லை, அப்படியே இருந்துவிட்டது. பத்தரை மணி வரை நேரலை அறுபடவில்லை.

செலவு: ரூட்டர் 8,700, கேபிள் 90 மீட்டர் 22 ரூபாய் வீதம் 1,980, அடாப்டர் மூன்று மாற்றியது 540, கனெக்டரும் கிளிப்பும் 310, சீரியல் கேபிள் 240. ஆக 11,770 ரூபாய். நாலு புள்ளியும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க, கதவு திறந்தும் மூடியும், ஒவ்வொரு ரூட்டரையும் ஸ்கேன் மட்டும் பண்ண விடுவேன். ஒரு சேனலுக்கு மூன்று பேர் என்ற கணக்கையும் எடுத்துவிடலாம்; இரண்டாங்கட்டு மாடி மாதிரி தூரத்தில் இருப்பவர்கள் நாலு பேர் ஒரே சேனலில் இருந்தாலும் ஒன்றுமில்லை. பீக்கனில் எழுதுவதை இப்போது யார் வேண்டுமானாலும் போலியாக எழுதலாம். நாலு பைட் முத்திரை ஒன்று சேர்க்க வேண்டும். அந்த வேலையை ஆரம்பித்துவிட்டேன், இரண்டு ரூட்டரில் ஓடுகிறது.

சனிக்கிழமையோடு விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பினார்கள். மூன்றாங்கட்டைப் பூட்டும்போது அங்கிருந்த இரண்டு ரூட்டரையும் அணைத்துவிட்டார்கள். 24 மணி நேரம் கழித்து, ஞாயிறு இரவு, முகப்பு ரூட்டர் காலியாகக் கிடந்த 1க்குத் தானாக நகர்ந்திருக்கிறது. ஆச்சிக்கு இப்போது பகலிலும் நன்றாகக் கேட்கிறதாம்.